முக்கால் ஏக்கரும் மூன்றே கால் ஏக்கரும்

பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள் என்று கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டவள் நான்தான். வெள்ளம் வடிந்து இரண்டாவது கிழமை, பாடசாலை மண்டபத்தில் நடந்த கூட்டம் அது. வயல் அழிந்தவர்களுக்கு அரசாங்கம் உதவிப் பணம் கொடுக்கப்போகிறது, படிவம் நிரப்பித் தாருங்கள் என்று எங்கள் கிராம சேவகர் விளக்கிக்கொண்டிருந்தார். அவர் ஓர் இளம் பெண். ஊரில் எல்லோருக்கும் அவர் மிஸ்தான். எனக்கோ வயல் ஒரு சாண்கூடக் கிடையாது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? எழுந்தேன்.

“போன தடவை யாருக்கு என்ன போச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியாது மிஸ். இந்தத் தடவை பேர், காணி எல்லாத்தையும் எழுதி எல்லாரும் பார்க்கிற இடத்தில ஒட்டுங்க.”

சிங்களத்தில்தான் சொன்னேன், ஒரு தடங்கலும் இல்லாமல். மண்டபமே கைதட்டியது. அப்படித்தான் செய்யச் சொல்லி மேலேயிருந்தும் உத்தரவு வந்திருக்கிறது என்று மிஸ் சிரித்தார். பின்வரிசையில் இருந்த என் வீட்டுக்காரர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். நான் கூட்டத்தில் வாயைத் திறந்தாலே அவருக்குப் பயம். எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை. அந்தக் கைதட்டலை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

பல்லேபொலப் பக்கம் பஸ் நிற்கிற ஒரு சந்தியில் எனக்குச் சின்னதாக ஒரு கடை இருக்கிறது. போட்டோகொப்பி எடுப்பேன், போனுக்கு ரீலோட் போடுவேன், பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொப்பி பென்சில் விற்பேன். கூடவே படிவம் நிரப்பிக் கொடுப்பேன். அதற்குக் காசு வாங்குவதில்லை. நான் படித்தது தமிழில், மாத்தளை டவுனில். சிங்களம் எனக்கு வந்தது பஸ்ஸிலும் சந்தையிலும்தான். பிறகு நானாகவே எழுத்துப் பழகி, கையெழுத்து அச்சுப்போல வரும் என்று சிங்களச் சனமே சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டேன். சந்தியைச் சுற்றி எங்கள் முஸ்லிம் வீடுகள் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் சிங்கள வீடுகள். பல தலைமுறையாக ஒன்றாக இருக்கிறோம், கல்யாணத்துக்கும் மையத்து வீட்டுத் துக்கத்துக்கும் போய்வருகிறோம். ஆனாலும் எங்காவது தூரத்து ஊரில் ஏதாவது நடந்தால் அன்றைக்கு நாங்கள் கடையை நேரத்தோடு பூட்டுவோம். ஏனென்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

என் கடைக்குப் பின்சுவரை ஒட்டினாற்போல அக்கேயின் வீடு. சிங்களத்தில் அக்காவை அப்படிக் கூப்பிடுவார்கள். நான் அவருக்கு நங்கி, அதாவது தங்கச்சி. புருஷன் செத்துப் பல வருஷம். ஒரே மகன் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவான். அக்கேக்கு இருந்ததெல்லாம் ஓயா என்று நாங்கள் சொல்கிற ஆற்றுக்கு அந்தப்பக்கம் கொஞ்சம் வயல். அதை வைத்துத்தான் வருஷம் முழுக்கச் சோறு. 

அந்த மழையில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த மண்மேடு இறங்கியபோது, வாசலில் நின்று கத்திக் கத்தி எங்களை வெளியே இழுத்தவர் அக்கேதான். ஐந்து நாள் அவர் வீட்டில் இருந்தோம். ஹராம் ஹலால் என்று என் மாமியார் தயங்குவார் என்று தெரிந்து, எங்களுக்குச் சமைக்க அலுமாரி மேலிருந்த புதுச் சட்டியை இறக்கினார். கடை ஒட்டுத்தாள்கூடக் கிழிக்காத சட்டி. மகனின் கல்யாணத்துக்கு என்று வாங்கி வைத்திருந்ததாம். 

அந்த ஐந்து நாளில் ஓயா தன் கரையை விட்டு வயலுக்குள் ஓடியது. திரும்பிப் போகும்போது மணலைப் போட்டுவிட்டுப் போனது. விதைத்து ஒரு மாதம் ஆகியிருந்த பெரும்போக நெல் மொத்தமும் மணலுக்குக் கீழே.

படிவங்கள் வந்த அன்று என் கடையில் நிற்க இடமில்லை. வெளியே மழை, உள்ளே மெஷின் சத்தம், ஆளுக்கு ஆள் அடையாள அட்டையை நீட்டுகிறார்கள். அக்கேயும் வந்தார். அவருடைய கண்ணாடி வெள்ளத்தோடு போயிருந்தது, எழுத்து ஒன்றும் தெரியாது. பேர், விலாசம் எல்லாம் எழுதி முடித்து, அழிந்த வயல் எவ்வளவு என்று கேட்டேன். அக்கே ஒரு கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டுதான் பதில் சொன்னார். மாத்தளைக்குப் போகிற மூன்றே கால் பஸ்ஸில் கண் கிளினிக்குக்குப் போகவேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சிங்களத்தில் ‘துன்கால’ என்றால் முக்கால். ‘துனய் கால’ என்றால் மூன்றே கால். தமிழில் முக்கால், மூன்றே கால் என்று காதுக்குக் கொஞ்சம் பிரிந்து கேட்கும், சிங்களத்தில் நடுவில் ஒரு சின்ன ஒலிதான் வித்தியாசம். நான் சிங்களத்தில் முதல் முதல் படித்த எண்களே பஸ் நேரங்கள். ‘துனய் கால பஸ்’ என்று தினமும் பத்துப்பேர் என் கடை வாசலில் கேட்பார்கள், பத்துத் தடவையும் நான் பதில் சொல்வேன். அக்கே அன்றைக்கு “அக்கர துன்காலக்” என்றார். சொல்லி வாய் மூடவில்லை, சந்தி வளைவில் ஹோர்ன் சத்தம். “துனய் கால பஸ் வந்துட்டுது நங்கி!” என்றார். இரண்டும் என் காதில் ஒன்றாக விழுந்தன. நான் 3¼ என்று எழுதினேன்.

எழுதும்போது பேனா ஒரு கணம் நின்றது. அவ்வளவு காணியா என்று மனதுக்குள் வந்தது. ஓயாவுக்கு அந்தப்பக்கம் நான் போனதேயில்லை. அண்ணன் தம்பி பங்கும் சேர்ந்திருக்கும் போல என்று நானே ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். ஒருத்தருடைய காணியைப் பற்றித் துருவிக் கேட்பது எங்களுக்குள் மரியாதையில்லை. அதுவும் சிங்களச் சனத்திடம் நாங்கள் கேட்பது இன்னும் மரியாதையில்லை. கேட்கவில்லை. படிவத்தைத் திருப்பி அக்கேயிடம் காட்டினேன். அவர் முகத்தைக் கிட்டே கொண்டுபோய், விரலை அந்த எண்ணின் மேல் வைத்தார்.

“ஹரி, நங்கி,” என்றார். சரி என்று அர்த்தம். கையெழுத்தைப் போட்டுவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

பத்து நாள் கழித்து மிஸ் கடைக்கு வந்தார். கந்தோரில், அதாவது அவருடைய அலுவலகத்தில், இருந்த மெஷினுக்குள் வெள்ளத் தண்ணீர் போய்விட்டதாம், பட்டியலில் மூன்று கொப்பி வேண்டும் என்றார். ஒன்று கந்தோர்ச் சுவருக்கு, ஒன்று பன்சலை என்கிற பௌத்த விகாரைக்கு, ஒன்று எங்கள் பள்ளிவாசலுக்கு. பாதையெல்லாம் உடைந்து கிடப்பதால் வயலைப் போய்ப் பார்ப்பது பிறகுதான், இப்போதைக்குப் படிவத்தில் இருப்பதை வைத்துப் பட்டியல், ஆட்சேபணை இருந்தால் ஊர்ச்சனமே சொல்லட்டும் என்றார். அவருக்கு ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு மெஷினை அழுத்தினேன்.

முதல் கொப்பி சூடாக வெளியே வந்தது. சும்மா கண்ணை ஓட்டினேன். எல்லாருக்கும் அரை, முக்கால், கூடிப்போனால் ஒன்று. நடுவில் அக்கேயின் பேர், பக்கத்தில் மூன்றே கால். பார்த்த அந்தக் கணத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. துன்கால. துனய் கால. பஸ்ஸின் ஹோர்ன்கூடத் திரும்பக் கேட்டது. தாளின் தலைப்பில், பொய்யான தகவல் கொடுத்தவர்கள் மேல் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்று கறுப்பு எழுத்தில் இருந்தது.

மிஸ் இரண்டு முழம் தள்ளி நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மிஸ், ஒரு பிழை என்று சொன்னால் போதும், பேனாவால் வெட்டித் திருத்தியிருப்பார். ஊர்க் கூட்டத்தில் அவ்வளவு பேசிய என் வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. நாலு பேர் கடைக்குள் நின்றார்கள். இவள் எழுதிய மற்றப் படிவங்களில் என்ன கூத்தோ என்று ஒருத்தன் கேட்டால்? வேண்டுமென்றே எழுதினாள் என்றால்? பேசாமல் இரண்டாவது கொப்பியை எடுத்தேன், மூன்றாவதையும் எடுத்தேன். காசுகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் எவ்வளவு பெரிய கோழை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று பின்னேரமே கந்தோர்ச் சுவருக்கு முன்னால் கூட்டம். மறுநாள் காலையில் ஊர் வாட்ஸ்அப் குழுவில் பட்டியலின் படம் வந்தது, அக்கேயின் பேரைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாக. ‘துனய் கால நோனா’ என்று எவனோ பட்டம் வைத்துவிட்டான். மூன்றே கால் சீமாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மா கிண்டலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு குரல் பதிவு வந்தது. போனைக் காதில் அழுத்திக்கொண்டு குசினிக்குள் நின்று கேட்டேன்.

“இந்தப் படிவமெல்லாம் யார் நிரப்பினது?”

அதற்கு இன்னொருவன் எழுதியிருந்தான்: சந்திக் கடையில்.

அவ்வளவுதான். வேறொன்றும் எழுதவில்லை. அந்த இரண்டு சொல்லைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனேன். வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திரீவீலரைக் கழுவிக்கொண்டிருந்தவர், தண்ணீர்ப் பைப்பை மூடிவிட்டு என்னை வீட்டுக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

“வாய மூடிக்கிட்டு இரி. பேப்பர்ல யாருட பேரு இரிக்கி? அந்த மனிசிட பேரு. ஒன்ட பேரா இரிக்கி?”

“எழுதினது நான்தானே.”

“அத நீ சொன்னா முதல்ல ஒன்ட பேரு வரும். பொறகு கடைட பேரு வரும். அதுக்குப் பொறகு ஒன்ட பேரும் இல்ல, கடையும் இல்ல, இவனுங்க இப்படித்தான்னு நம்ம எல்லாருட பேரும் வரும். புள்ளைங்கள நெனச்சுப் பாரு.”

நான் நினைத்துப் பார்த்தேன். அதைத்தான் அந்த நாட்கள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிள் ஒன்று கடை முன்னால் வேகத்தைக் குறைத்தாலே எட்டிப் பார்த்தேன். யாராவது கொப்பி எடுக்க வந்து என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தால் நான் மிச்சக் காசைத் தப்பாகக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் அக்கே வந்தார். புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை. அவரிடம் இருந்தது பொத்தான் போன், வாட்ஸ்அப் எல்லாம் கிடையாது.

“நங்கி, கடைத்தெருவில என்னைப் பார்த்து எல்லாரும் சிரிக்கிறாங்க. பட்டியல்ல என் பேர்ல ஏதோ இருக்காம். என்னது அது?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கடையில் வேறு ஒருத்தரும் இல்லை. அவர் எங்கள் உயிரைக் காப்பாற்றியவர், சட்டி இறக்கிச் சோறு போட்டவர். ஆனால் பயம் முந்திக்கொண்டது.

“கந்தோர்ல டைப் பண்ணும்போது பிழை விட்டிருக்காங்க அக்கே. உங்க காணியைக் கூட்டிப் போட்டுட்டாங்க.”

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். நான் எதிர்பார்க்காதது அடுத்து நடந்தது. அக்கேக்குக் கோபம் வந்துவிட்டது. என் பேரை நாறடிக்க இவங்க யார் என்று கேட்டுக்கொண்டு குடையை எடுத்தவர், என் கையைப் பிடித்தார். “நீயும் வா. உனக்குத்தான் நல்லாப் பேசத் தெரியும்.” கழுத்தில் கயிறு கட்டி இழுத்துப் போவதுபோலத்தான் நான் போனேன்.

கந்தோரில் அக்கே மிஸ்ஸைப் பிடிபிடியென்று பிடித்தார். மிஸ் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்துபோய் கோப்பு ஒன்றை எடுத்து, படிவத்தை உருவி மேசையில் வைத்தார். நீலப் பேனா, அச்சுப்போன்ற கையெழுத்து. ஊரில் அந்தக் கையெழுத்தைத் தெரியாதவர்கள் இல்லை.

“அம்மா, இதில மூணே கால்னுதான் இருக்கு. கந்தோர்ல யாரும் மாத்தல.” அக்கேக்குக் கண் தெரியாது என்று அறிந்து, மிஸ் அதை இரண்டு தடவை சத்தமாக வாசித்தார்.

அக்கே என் பக்கம் திரும்பினார். நான் தரையைப் பார்த்தேன். தரையில் ஒரு டைல் உடைந்திருந்தது, அதன் விளிம்பில் வெள்ளச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிஸ்ஸும் என்னைத்தான் பார்க்கிறார் என்று தெரிந்தது. இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று காத்திருந்தேன்.

“நான்தான் அப்படிச் சொன்னேன் மிஸ்,” என்றார் அக்கே. “பஸ்ஸுக்கு ஓடுற அவசரத்தில வாய் குழறிப்போச்சு. வயல் முக்கால் ஏக்கர்தான்.”

மிஸ் பெருமூச்சு விட்டார். பிழை என்று அவரே ஒப்புக்கொண்டதால் வழக்கு அது இதென்று போகாது, ஆனால் இந்தச் சுற்றில் அவர் பேரை நிறுத்திவைக்கத்தான் வேண்டும், காணியை அளந்து அறிக்கை வந்த பிறகே பணம் என்றார். அவருக்கும் வேறு வழியில்லை. ஊரே அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்துவிட்டதே.

திரும்பி நடந்தோம். அக்கேதான் பேசினார். “அன்னைக்கு நீ காட்டினியே, நான் விரல் வச்சுப் பார்த்தேன். ஒரு மூணு தெரிஞ்சுது, ஒரு நாலு தெரிஞ்சுது. முக்காலுக்கு மூணும் நாலும்தானே வேணும். சரின்னு சொல்லிட்டேன்.” கொஞ்ச தூரம் நடந்தார். “கந்தோர்ப் பிழைன்னு நீ சொன்னதுதான் எனக்குப் பிடிக்கல, நங்கி.”

“பயந்துட்டேன் அக்கே.”

“தெரியும். நான் உன் பேரைச் சொல்லியிருந்தா என்ன நடக்கும்னு எனக்கும் பயம்தான். சில பேர் ஒரு பேருக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க.” இதை அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அதோடு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிம்மதியும் வந்தது. தப்பித்துவிட்டேன் என்ற நிம்மதி.

அந்த நிம்மதி எத்தனை நாளைக்கு? மற்றவர்களுக்குப் பணம் வந்தது. நாலைந்து பேர் சேர்ந்து மணல் அள்ளும் பெக்கோ இயந்திரத்தைக் கூலிக்கு எடுத்தார்கள், அது ஓயாத் தண்ணீருக்குள் இறங்கி ஏறி, ஒவ்வொரு வயலாக மணலைத் தள்ளியது. குறுகிய காலத்தில் விளையும் நெல்லை வாங்கி இந்தத் தேதிக்குள் விதைத்தால்தான் கால்வாய்த் தண்ணீர் கிடைக்கும், அதற்குப் பிறகு விதைத்தால் இல்லை என்று அறிவித்திருந்தார்கள். அக்கேயின் காணியை அளக்க ஆள் வரவில்லை. ஓயாப் பாலம் உடைந்து கிடந்தது, எல்லா ஊரிலும் அளப்பதற்குக் காத்திருக்கிறார்கள். அளந்து முடியாமல் பணமில்லை, பணமில்லாமல் பெக்கோ இல்லை.

ஒரு காலையில் நான் ஓயாவுக்குக் குறுக்கே போட்டிருந்த மூங்கில் பாலத்தைக் கடந்து போனேன். முதல்முறையாக அக்கேயின் வயலைப் பார்த்தேன். ஒரு பார்வையில் அடங்கிவிடுகிற வயல். சுற்றிலும் மற்றவர்களுடைய வயல்களில் சேறு பிசைந்து விதைத்திருந்தார்கள். நடுவில் இது மட்டும் வெள்ளை மணல். அக்கே மம்மட்டியால் கூடையில் அள்ளி, கூடையைத் தலையில் வைத்து, வரம்புக்கு அப்பால் கொட்டிவிட்டு வந்தார். அவ்வளவு நேரம் பாடுபட்டதில் ஒரு பாய் விரிக்கிற இடம் தெரிந்திருந்தது. நானும் கூடை பிடித்தேன். அவர் அதில் மணலை அள்ளிப் போட்டார். மத்தியானம்வரை அள்ளினோம். இதை இரண்டு பொம்பிளைகளால் இந்தப் போகத்துக்குள் அள்ளி முடிக்க முடியாது என்று இருவருக்கும் தெரியும்.

கடைசியில் அளந்தார்கள். தண்ணீர்த் தேதி போய் நாலாம் நாள்.

அதற்கு அடுத்த கிழமை மிஸ் திருத்திய பட்டியலோடு கடைக்கு வந்தார். அதே மூன்று கொப்பி. தாளை மெஷின் கண்ணாடியில் கவிழ்க்கும்போது அக்கேயின் வரி கண்ணில் பட்டது. முக்கால் என்று சரியாக இருந்தது. அதற்குப் பக்கத்தில், குறிப்பு என்ற கட்டத்தில் எழுதியிருந்தார்கள்: பிழையான தகவல் கொடுத்ததாகத் தானே ஒப்புக்கொண்டார்.

மெஷின் மூடியை மூடினேன். பொத்தானை அழுத்த விரல் போகவில்லை. எல்லோருக்கும் தெரியவேண்டும் என்று கத்தியவள் நான். எல்லோருக்கும் தெரியப்போவது ஒரு பொய், அதையும் என் கையாலேயே மூன்று கொப்பி எடுத்துக் கொடுக்கப்போகிறேன். கல்லாவைப் பிடித்துக்கொண்டேன்.

“மிஸ், அந்த அம்மா துன்காலன்னுதான் சொன்னாங்க. நான்தான் துனய் காலன்னு எழுதினேன்.”

மிஸ்ஸுக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டு சொல்லையும் திரும்பச் சொன்னேன். அவர் உதடு அசைந்து அசைந்து சொல்லிப் பார்த்தது. சிரிப்பாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். சிரிக்கவில்லை.

“ஏன் அன்னைக்கே சொல்லல?”

“பயம் மிஸ்.”

“இப்ப?”

“இப்பவும் பயம்தான்.”

குறிப்பை வெட்ட வேண்டுமென்றால் எழுத்தில் வேண்டும் என்றார். எழுதினேன். அச்சுப்போன்ற கையெழுத்தென்று பேர் வாங்கியவளுக்கு அன்றைக்கு எழுத்து ஒன்று மேலே, ஒன்று கீழே. அந்தக் கடிதத்திலும் மூன்று கொப்பி எடுத்தேன். பட்டியலுக்குப் பக்கத்தில் இதையும் ஒட்டுங்கள் என்று நானே கேட்டேன். கந்தோர்ச் சுவரில் பசை தடவி ஒட்டியதும் நான்தான், மிஸ் தாளின் மேல் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

அன்று பின்னேரம் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. பிள்ளைகளைத் திரீவீலரில் ஏற்றி மாத்தளையில் தன் தாத்தா வீட்டில் விட்டுவிட்டு வந்தார், தாத்தா என்றால் எங்களுக்கு அக்கா. கடையின் கண்ணாடி அலுமாரியைத் தள்ளி உட்சுவரோடு வைத்தார். பிறகு வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். நானும் உள்ளே உட்கார்ந்தேன். ஒவ்வொரு பஸ்ஸும் நின்று போகும்போது யார் இறங்குகிறார்கள் என்று பார்த்தோம்.

கல் ஒன்றும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினார்கள். அப்பவே தெரியும் என்று ஒருத்தன். என் படிவத்தில் என்ன எழுதினாளோ, பார்க்கவேண்டும் என்று ஒருத்தி. பிழையை ஒத்துக்கொண்டு சுவரில் ஒட்டியவர்கள் இதற்கு முன்னால் யாரும் இருக்கிறார்களா என்று ஒருத்தர் கேட்டிருந்தார், அதற்கு யாரும் பதில் போடவில்லை. கடைக்கு வருகிற சனம் பாதியாகக் குறைந்தது. வந்தவர்களும் எத்தனை கொப்பி என்பதை வாயால் சொல்லாமல் விரலைக் காட்டினார்கள். கிண்டலா, கவனமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நாலு நாளில் பிள்ளைகளைக் கூட்டிவந்தோம். ஆனால் மோட்டார் சைக்கிள் வேகம் குறைகிற சத்தத்துக்கு நான் இன்னும் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன்.

அக்கேக்குப் பணம் வந்தது, முக்கால் ஏக்கருக்கு உரியது. மணலை அள்ளினார். விதைக்கக் காலமில்லை. இரண்டு மாதம் அவர் என் கடைப் பக்கம் வரவில்லை. பின்சுவருக்கு அப்பால் அவர் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்கும், இருமுகிற சத்தம் கேட்கும். சுற்றியுள்ள வயல்களில் அறுவடை முடிந்து நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்கள் சந்தியைக் கடந்து போனபோது நான் கடைக்குள்ளேயே ஏதோ தேடுவதுபோல் குனிந்துகொள்வேன்.

பிறகு ஒருநாள் வந்தார். மூக்கில் புதுக் கண்ணாடி, கையில் ஒரு படிவம். அடுத்து வருகிற சிறுபோகத்துக்கு விதைநெல் கொடுக்கப் போகிறார்களாம். கண்ணாடி இருந்ததால் அவரே எழுதியிருக்கலாம். ஆனாலும் என் முன்னால் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“எழுது, நங்கி.”

பேர் எழுதினேன். விலாசம் எழுதினேன். வயல் எவ்வளவு என்ற கட்டத்தில், அவரைக் கேட்காமலேயே, 3/4 என்று பெரிதாக எழுதினேன். அடுத்த கட்டத்தில் இருந்தது: கடந்த பெரும்போகத்தில் அறுவடை செய்த அளவு. பேனா நின்றது. இந்தத் தடவை நான் கேட்டே ஆகவேண்டும். கேட்டேன்.

“மொக்குத் நே,” என்றார். ஒன்றுமில்லை.

பூச்சியம் போட்டேன். தாளைத் திருப்பிக் காட்டினேன். அக்கே கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து, அந்தப் பூச்சியத்தின் மேல் விரலை வைத்தார்.

“ஹரி, நங்கி,” என்றார்.